வாளும் எழுத்தாணியும்

அண்மைக் காலமாக நமது மேடைகளிலே ஒரு குரல் ஓங்கி ஒலிக்கின்றது. நம் முன்னோர் அறியாத கலை எதுவும் உலகில் இல்லை. அவர்கள் ஏட்டில் எழுதிவையாத வித்தையும் இல்லை. வாட்போரும் மற்போரும் சிலம்பமும் கட்டுக் கட்டாக ஏடுகளில் இருந்தன. பாதியை அந்நியன் கப்பலேற்றினான், மீதியைக் கறையான் அரித்தது. இவ்வாறு செல்கிறது அந்தப் பிரசங்கம். சபையோர் கரகோஷம் செய்கின்றனர். கூட்டம் கலைகிறது. மறுநாட் காலையில், எஞ்சிய ஏடு ஏதும் அயல் வீட்டுப் பரணில் உண்டா என்று தேடிப் புறப்படுவார் ஒருவரையும் காணோம்.

புத்தூர்ப் பகுதியினருக்கு இத்தகைய பேச்சின் இயல்பு நன்கு விளங்க வேண்டும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இராமபிரானின் அம்பு துளைத்த துவாரம் என்றும், அடியற்றது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். அளவுகயிறு இறக்கியவர்கள் அடியைக் கண்டார்கள். மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் நிற்பதையும், சுண்ணக்கற் பாறையில் ஏற்பட்ட குடைவே அக்கிணறு என்பதையும் கண்டார்கள். அதனாற் கிணற்றின் அருமை குன்றிவிடவில்லை. எவ்வளவு இறைத்தால் உவர் ஏறும், எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்ற பயனுள்ள கேள்வி அதன் பின்னரே பிறந்தது. பழம்பெருமை என்னும் கிணற்றுக்கும் கயிறு இறக்க வேண்டிய காலம் இது. அதற்கு அளவுகோலாகப் பிறநாட்டுச் சுவடி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக் காட்சிச்சாலையில் 'ஐ. 33' என்னும் இலக்கத்துடன் தோலில் எழுதப்பட்ட சுவடி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மன் நாட்டிலே தோன்றியது அது. அதில் 32 இதழ்கள், 64 பக்கங்கள். வாளும் சிறு கைக்கேடயமும் ஏந்திய இருவர் எதிரெதிரே நின்று பொருதும் சித்திரங்கள் பக்கந்தோறும் தீட்டப்பட்டுள்ளன. சித்திரங்களோடு இலத்தீன் மொழியில் விளக்கக் குறிப்புகள் செல்கின்றன. இடையிடையே நினைவில் நிறுத்துவதற்கேற்ற செய்யுள் வரிகளும் வருகின்றன. ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சிச் சுவடிகளுள் இதுவே மிகப் பழையது. சித்திரத்தில் இருப்பவருள் கற்பிப்பவர், உச்சி மழித்த தலையினரான ஒரு குருவானவர். கற்பவன் அவரது மாணாக்கன். லூட்டெகெருஸ் என்றொரு பெயர் சுவடியிற் காணப்படுகிறது. நூலை ஆக்கியவர் அவரே என்று கருதுவாரும் உளர்.

இச்சுவடி பட்ட பாடு சிறிதன்று. பிராங்கோனியப் பகுதியிலிருந்த துறவிமடம் ஒன்றிலே கிடந்தது. 16ஆம் நூற்றாண்டின் போர்க் கொள்ளையில் வாளாசிரியர் ஒருவர் கைக்குப் போயிற்று. 1579இல் குண்டெரொட் என்பவர் வாட்கலை பற்றித் தாம் எழுதிய இலத்தீன் நூலில் இதனைக் குறிப்பிட்டார். பின்னர் கோத்தா நகர்ப் பிரபுக்களின் நூலகத்தில் தங்கியிருந்து, இரண்டாம் உலகப் போரின் குழப்பத்திற் காணாமற் போயிற்று. 1950இல் லண்டன் ஏலத்தில் மீண்டும் தலைகாட்டியபோது ஆயுதக் காட்சிச்சாலையினர் அதனை வாங்கிக்கொண்டனர். 2003இல் ஜெஃப்ரி ஃபோர்கெங் என்னும் அறிஞர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். இன்று பல நாடுகளின் இளைஞர் அச்சித்திரங்களைப் பார்த்துக் காலெடுத்து வைத்துப் பயில்கின்றனர். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்றத்தில் நடந்த பாடம் மறுபடியும் நடக்கிறது.

மடமும் கொள்ளையும் ஏலமும் இச்சுவடி எவ்வாறு பிழைத்தது என்பதைச் சொல்லும். எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்லமாட்டா. நாம் கற்க வேண்டிய பாடம் பிறப்பிலேதான் இருக்கிறது.

எழுதியவர் இலத்தீன் கற்றவர். திருச்சபையின் மொழி, சட்டத்தின் மொழி, பல்கலைக்கழகத்தின் மொழி அது. ஆயினும் வாள்வீச்சின் நுட்பங்களைச் சொல்ல வரும்போது அந்த மகாமொழி அவருக்குப் போதவில்லை. நிலை ஒன்றை 'அரைக்கேடயம்' என்று பொருள்படும் நாட்டு மொழிச் சொல்லாலே குறிக்கிறார். மற்றொன்றை 'ஊன்றுகோல்' என்கிறார். வேறொன்றை 'நீள்முனை' என்கிறார். இன்னொன்றைப் 'பிடில் வில்' என்கிறார். எல்லாம் ஜேர்மன் மக்களின் பேச்சுமொழிச் சொற்கள். இலத்தீன் வாக்கியத்தின் நடுவே, கூச்சமின்றி, அப்படி அப்படியே அமர்ந்திருக்கின்றன. ஏன்? அச்சொற்கள் பயிற்சிக் களத்திலே, வியர்வையிலே பிறந்தவை. கக்கத்தில் ஊன்றுகோலை இடுக்கி நடப்பவனைக் கண்டவன், பிடில் வாசிப்பவனின் கையைப் பார்த்து நின்றவன் இட்ட பெயர்கள் அவை. எழுத்தறிந்தவர் அப்பெயர்களை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் நூல் அழகாயிருந்திருக்கும், வித்தை செத்திருக்கும்.

இன்னொன்றையும் அவர் ஒப்புக்கொள்கிறார். வாளேந்தியவன் நிற்கக்கூடிய காவல்நிலைகள் ஏழு என்று வகுத்துச் சொல்லும் அவர், வாட்கலையைக் கல்லாதவராயினும் வாளைக் கையிலெடுத்த எல்லாரும் இந்த ஏழையே கைக்கொள்கின்றனர் என்று முகப்பிலேயே குறித்துவிடுகிறார். அறிவு தம் மடத்தில் வானத்திலிருந்து இறங்கியது என்று அவர் கூறவில்லை. மக்கள் கையில் முன்பே இருந்ததை எண்ணி, ஒழுங்குபடுத்தி, அதற்கு மறுமொழி எது என்று யோசித்திருக்கிறார். அவரை ஜனநாயகவாதியாக்கிக் கொண்டாட வேண்டிய அவசியம் நமக்கில்லை. சாதாரண வாள்வீரரை அவர் ஏளனமாகவே நோக்குகிறார். அவர்களை வெல்லும் வழியைத் தம் மாணாக்கனுக்குக் காட்டுவதே அவர் நோக்கம். அவரது வர்க்க மனோபாவம் வரிக்கு வரி தெரிகிறது. இருந்தும் அந்த வீரரின் கையசைவை உற்றுப் பார்த்தார், அவர்களின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டார், எழுதினார். எழுதுகோல் ஒருவரிடமும் வித்தை மற்றொருவரிடமுமாகப் பிரிந்து கிடந்த ஒரு சமுதாயத்திலே, அவ்விரண்டும் ஒரே முற்றத்தில் ஒருமுறை சந்தித்தன. அச்சந்திப்பின் விளைவே 'ஐ. 33'.

சுவடியின் இறுதிப் பக்கங்களைப் புரட்டினால் மாணாக்கனின் இடத்தில் ஒரு பெண் வாளேந்தி நிற்கிறாள். வல்புர்கிஸ் என்று அவள் பெயரும் எழுதப்பட்டுள்ளது. அவள் ஏன் அங்கே வந்தாள் என்பதை விளக்க நூலாசிரியர் முற்படவேயில்லை. ஏனைய பக்கங்களைப் போலவே அங்கும் பாடம் நடக்கிறது.

'வாள் என்பது பிரபுக்களின் ஆயுதம். நிலவுடைமைக் காலத்துக் கொலைக் கருவி. அதைப் பற்றி முற்போக்காளர் ஏன் கவலைப்பட வேண்டும்?' என்று மாணவ நண்பர் ஒருவர் வினவலாம். வாளுடன் கைக்கேடயம் ஏந்தும் பயிற்சி பிரபுக்களோடு நின்றுவிடவில்லை; நகரத்துச் சாதாரண மக்களிடமும் பரவியிருந்தது. அதனாலேதான் 1285இல், முதலாம் எட்வேட் மன்னன் காலத்தில், லண்டன் நகரத்துக்கென இயற்றப்பட்ட சட்டம் கேடயப் பயிற்சிக் கூடங்களை நடத்தக் கூடாதென்று தடைவிதித்தது. ஆளுவோர் அஞ்சித் தடைசெய்த ஒன்றைப் பிரபுக்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. மேலும், வாளைப் பற்றி மட்டுமன்று நமது பேச்சு. கையால் அறியப்படும் அறிவு எதற்கும் நேரும் கதி பற்றியது இது.

இனி நம் பக்கம் திரும்புவோம். வாளைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லையா? எழுதப்பட்டது, ஏராளமாக. தொல்காப்பியப் புறத்திணையியல் வாள்மங்கலம் என்றொரு துறையையே கூறுகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, நாள் பார்த்து வாளைப் புறவீடு விடும் சடங்குக்குத் துறை வகுத்திருக்கிறது. மன்னனின் வாளுக்கு வாழ்த்து உண்டு. வாள்பட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. களத்திற் பேய்கள் கூழ் சமைத்துண்ணும் வருணனைக்குப் பரணியே உண்டு. ஆனால் இடது காலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது, எதிரி தோளுக்கு மேல் ஓங்கும்போது நீ எங்கே நிற்பது? இக்கேள்விகளுக்கு இவ்விலக்கியங்களில் விடையில்லை. புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய புகழ்பெற்ற கடமைப் பட்டியலை எண்ணிப் பாருங்கள். பெற்றெடுக்கும் தாய் இருக்கிறாள், சான்றோனாக்கும் தந்தை இருக்கிறான், வேல் வடிக்கும் கொல்லன் இருக்கிறான், வேந்தன் இருக்கிறான், களிறெறிந்து மீளும் காளையும் இருக்கிறான். அக்காளைக்கு ஆயுதம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் என்று தனியே ஒருவனும் இல்லை. கொல்லனுக்காவது ஓரடி கிடைத்தது. ஆசானுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து அரசர் காலத்தை நோக்கினாலும் நிலைமை அதுவே. செகராசசேகர மாலை சோதிடத்தைச் சொன்னது. செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்தியத்தைச் சொன்னன. அரசகேசரி வடமொழிக் காவியத்தைத் தழுவி இரகுவமிசம் பாடினார். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசின் போர்வீரன் வாளை எவ்வாறு பிடித்தான் என்பதைச் சொல்லும் நூல் இவற்றுள் ஒன்றுமில்லை. நட்சத்திரத்தின் நடையை எழுதியோர் படைவீரனின் காலடியை எழுதத் தகுந்ததாகக் கருதவில்லை. அரசன் வெல்வான் என்று கணித்தவனுக்கு எழுத்தாணி கிடைத்தது. வெல்வதற்காக வெட்டுண்டவனுக்குக் கிடைக்கவில்லை.

'வர்ம ஏடுகள் இல்லையா? அகத்தியர் பெயரால் வழங்கும் சுவடிகள் இல்லையா?' என்ற மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே. உடலின் 108 வர்மங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என வகுத்து, அடிபட்டால் நேர்வதும் அதனை இளக்கும் முறையும் கூறும் ஏடுகள் தென்தமிழ்நாட்டில், சிறப்பாகக் கன்னியாகுமரிப் பகுதியில், வாழ்ந்து வந்திருக்கின்றன. கொல்லும் கையே குணமாக்கும் கையாகவும் இருக்க வேண்டுமென்ற உயர்ந்த எண்ணம் அவற்றில் உண்டு. ஆயின் அவை எந்த நிலையிற் கிடைக்கின்றன? குழூஉக்குறியாலும் பரிபாஷையாலும் பூட்டப்பட்டுக் கிடைக்கின்றன. திறவுகோல் ஆசானின் வாயில் இருந்தது. தகுதியற்றவன் கையிற் சென்றால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சியது ஓரளவு சரியே. ஆனால் 'தகுதி' என்பதைத் தீர்மானித்தது குணம் மட்டும்தானா? குலமும் குடும்பமும் அதில் எத்தனை பங்கு வகித்தன? மகனுக்கு மட்டும் சொல்லுவேன் என்று காத்திருந்த ஆசானுக்கு மகன் இல்லாது போனால், வித்தை அவரோடு சுடலைக்குப் போயிற்று. கறையான் தின்றதைவிட இரகசியம் தின்றது அதிகம். அக்கணக்கை மட்டும் மேடையில் எவரும் வாசிப்பதில்லை.

எழுத்துக்கும் கைக்கும் நடுவே நின்ற சுவர் எது? ஐரோப்பாவிலும் அப்படியொரு சுவர் இருந்தது; குருவானவர் அதன் ஒரு கதவைத் திறந்தார். நமது சுவருக்குச் சாதி என்று பெயர். எழுத்தாணி பிடித்தவன் பொல்லுப் பிடித்தவனின் முற்றத்துக்குப் போவதில்லை. பொல்லுப் பிடித்தவன் எழுத்தாணிக்காரனின் திண்ணையில் ஏறுவதில்லை. ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அண்மைய வரலாறே சாட்சி. 1929இல், அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென்ற ஏற்பாடு வந்தபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதைப் பொறாத சமுதாயம், ஒரு சிலம்ப அண்ணாவியார் சொல்லச் சொல்ல ஒரு புலவர் கீழே அமர்ந்து எழுதுவதைப் பொறுத்திருக்குமா?

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதை நாம் மறக்கமாட்டோம். ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அது பேரினவாதத்தின் கொடுஞ்செயல்; அதனை ஆயிரம் முறை கண்டிப்போம். ஆனால் அத்தீயைக் காட்டி, அதற்கு முன் நம் கையாலேயே எரித்த பள்ளிகளையும், எழுதவிடாது அழித்த வித்தைகளையும் மறைக்க முயல்வோருக்கு நாம் துணைபோக முடியாது. எரிந்த ஏட்டுக்காக அழ உரிமை உண்டு. எழுதப்படவே அனுமதிக்கப்படாத ஏட்டுக்காக அழுவதற்கு நம்மிற் பலருக்கு இன்னும் கண்ணீர் வரவில்லை.

இவ்விடத்தில் புத்தூருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில், நீர்வேலிக்கும் புத்தூருக்கும் இடையே உள்ள சிறுப்பிட்டியிற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். உத்தியோகப் பெருமையோடு நின்றுவிடாமல், அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி அலைந்தவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். தொட்டால் உதிரும் ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரையிலே நெஞ்சுருக எழுதினார். தமிழின் பழஞ்செல்வம் தப்பியதில் நம் அயலூர் மனிதரின் பங்கு பெரிது. ஆனால் அவர் காலத்துக்கு எது 'நூல்' எனப்பட்டதோ அதனையே அவரால் மீட்க முடிந்தது. இலக்கணமும் இலக்கியமும் மீண்டன. ஏட்டிலே ஏறாத வித்தையை மீட்பது அவரால் ஆகக்கூடியதன்று. அந்த இரண்டாம் பாதி வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது. அவருக்கு விழாவெடுப்பதும் படம் திறப்பதும் எளிது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

தொடங்குவதற்கு நேரம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. கோயில் வீதிகளிலே இன்றும் சிலம்பம் சுழல்கிறது. மட்டக்களப்பிலும் மலையகத் தோட்டங்களிலும் கம்பெடுத்து வரிசை வைக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். கிழக்கின் முஸ்லிம் மக்களிடையே சீனடி வழங்கி வருகிறது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மா, களரி ஆசிரியையாக வாளும் கேடயமும் ஏந்தி, தமது எழுபதுகளிலே, 2017இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். வல்புர்கிஸ் ஐரோப்பாவில் மட்டும் பிறந்தவளல்லள். நூலக நிறுவனத்தார் போன்ற தன்னார்வத் தொண்டர்கள் ஏடுகளை எண்ணிமப்படுத்தி, எவரும் எங்கிருந்தும் படிக்குமாறு திறந்து வைத்து வருகின்றனர். கதவு திறந்திருக்கிறது, உள்ளே கொண்டுவந்து வைப்பதற்குப் பொருள் வேண்டும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் நாம் கேட்பது இதுதான். உமது வகுப்புப் பிள்ளைகளை ஊரின் சிலம்ப அண்ணாவியாரிடம் அனுப்பும். அவர் காலடியை ஒரு பிள்ளை வரையட்டும். சொல்லை மற்றொரு பிள்ளை எழுதட்டும். அவர் 'வீச்சு' என்றால் வீச்சு என்றே எழுதுக. நிகண்டிற் தேடித் திருத்த வேண்டாம். எத்தனை காலடி, எந்தக் கை மேலே, அடி எங்கே விழுகிறது, அதற்குத் தடை எது என்று எண்ணி எழுதுக. அவர் பெயரையும், அவருக்குக் கற்பித்தவர் பெயரையும், அவர் இசைந்தால், முதற் பக்கத்திலேயே போடுக. எழுதியவர் பெயர் கடைசிப் பக்கத்தில் வந்தாற் போதும். பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நிற்கவேண்டாம்; கம்பெடுத்துப் பயிலட்டும். அண்ணாவியார் எந்த ஒழுங்கையில் வசிக்கிறார் என்று விசாரித்த பின்னர் தயங்குகிற ஆசிரியர் எவராவது இருந்தால், வாட்போர் ஏடு ஏன் நம்மிடம் இல்லை என்ற கேள்விக்கு அவரே விடை.

சிலம்பத்தோடு இது நின்றுவிடவும் கூடாது. செம்மண்ணிலே வெங்காயத்துக்கு எப்போது நீர் கட்டுவது, புகையிலையை எப்படிப் பதமாக்குவது, சுண்ணக்கற் பாறையில் கிணறு வெட்டுபவன் எந்த ஒலியைக் கேட்டு நீர் அண்மையில் உண்டென்று அறிகிறான், கள்ளிறக்கும் தொழிலாளி பாளையை எந்தப் பக்குவத்திற் சீவுகிறான்? இவை யாவும் கையில் இருக்கும் நூல்கள். நம் பாடப்புத்தகங்கள் அரசர் பட்டியலுக்குக் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இவற்றுக்குக் கொடுத்ததுண்டா?

பழைய ஏட்டுப் பெட்டிகளை வீட்டில் வைத்துச் சரசுவதி பூசையன்று மட்டும் சந்தனம் பூசி மூடிவைப்போருக்கும் ஒரு சொல். ஏடு குலச்சொத்து அன்று. உமது பாட்டனார் அதை வைத்திருந்தார். ஊர் முழுவதும் உழைத்ததனாலேயே அவர் எழுதவும் படிக்கவும் ஓய்வு பெற்றார். அந்த உழைப்பின் வட்டியாகவேனும் பெட்டியைத் திறந்து, படம் பிடிக்க இடம் கொடுக்கவேண்டும். நாளைக்கு என்று தள்ளினால், பெட்டிக்குள் இருப்பது நூலா தூளா என்று பார்ப்பதற்கே மறுதலைமுறைக்கு வேலை மிஞ்சும்.

எல்லாம் எம்மிடம் இருந்தது என்று இனியும் முழங்குவோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: ஐயா, எழுதிக்கொள்ள நீர் யார் வீட்டு முற்றத்துக்குப் போனீர்?